பூவை மட்டும் அனுப்பாதே

ஜனவரி 18, 2025, மயிலாடுதுறை

ஊட்டிப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் வேலைக்குச் சேர்ந்திருக்கிறாள் அக்கா மகள். அங்கே போனதிலிருந்து படமாக அனுப்பித் தள்ளுகிறாள். "சித்தி, இது என்ன செடி?" எல்லாமே பூவை நெருங்கி எடுத்தவை. பார்க்க அழகுதான், ஆனால் பூவின் முகத்தை மட்டும் வைத்து மலைச்செடிக்குப் பெயர் சொல்ல முடியாது. போனில் இருக்கும் செயலி சட்டென்று ஒரு பெயரைச் சொல்லிவிடும், வேறு கோணத்தில் எடுத்தால் வேறு பெயர்.

அதனால் இன்று எழுதி அனுப்பினேன். இலை எதிரெதிராக இருக்கிறதா, மாறி மாறி வருகிறதா? இலையின் பின்பக்கம் எப்படி? தண்டு உருண்டையா, சதுரமா? காம்பு ஒடிந்த இடத்தில் பால் கசிகிறதா? உதிர்ந்த இலையைக் கசக்கினால் என்ன வாசம்? கூடவே இடம், உயரம், தேதி. காட்டுக்குள் நுழையாதே, பறிக்காதே, சாலையோரமே போதும் என்றும் சேர்த்துக்கொண்டேன்.

ஜனவரி 21

சொன்னபடி செய்திருக்கிறாள். முறுக்கேறிய மரம், பட்டை வெடிப்பு வெடிப்பாக, கிளை நுனியில் ரத்தச் சிவப்பில் பூங்கொத்து. இலை தோல் போலத் தடிப்பு, ஓரம் பின்னால் மடங்கியிருக்கிறது, அடியில் பஞ்சு தடவியது மாதிரி மென்ரோமம். மகரந்தப்பையின் நுனியில் துளை இருக்கிறதா பார் என்றேன். கத்தரிப் பூவில் இருக்குமே, அதே போல. இருந்தது. சந்தேகமே இல்லை, ரோடோடெண்ட்ரான். அங்கே காட்டுப்பூவரசு என்பார்கள்.

இந்த மரத்தை நினைத்தால் எனக்கு எப்போதும் வியப்பு. இதே இனம் இமயமலையில் இருக்கிறது. தெற்கே நீலகிரி, பழனி, ஆனைமலை மாதிரி உயரங்களில் இருக்கிறது. இடையில் இத்தனை பெரிய சமவெளியில் ஒன்றுகூடக் கிடையாது. பூமி குளிர்ந்திருந்த காலத்தில் பரவி, பிறகு வெப்பம் ஏற ஏற மலை உச்சிகளில் மட்டும் தங்கிவிட்டது என்று தாவரவியலார் கருதுகிறார்கள். அந்த இலைத் தடிப்பும் அடிரோமமும் காற்றையும் உறைபனியையும் தாங்குவதற்குத்தான் உதவுகின்றன. கடல்மட்டத்திலிருந்து சில மீட்டரே உயர்ந்த நம் ஊரில் இதற்கு வேலையே இல்லை.

ஜனவரி 25

ஆளுயரத்தைத் தாண்டிய செடி, பெரிய நீள இலைகள், உச்சியில் வெள்ளைப் பூக்களின் கதிர். எதிர்வீட்டுப் பெரியவரிடம் காட்டினேன். வேதாரண்யத்துக்காரர், புகையிலை போட்ட குடும்பம்.

"இலையைப் பார்த்தா நம்ம புகையிலைதாம்மா."

"உடைஞ்ச இடத்துல பால் வருதாம் ஐயா."

போனை வாங்கி மறுபடி பார்த்தார். "அப்படின்னா இது இல்ல. புகையிலையில பால் ஏது? கையெல்லாம் பிசுக்குதான் ஒட்டும்."

வயலில் நின்றவர் சொன்னால் சொன்னதுதான். பூவும் அதையே சொல்கிறது. புகையிலைப் பூ ஐந்து பக்கமும் ஒரே அளவாக விரிந்த புனல். இதில் குழாய் முதுகுப்பக்கம் அடிவரை பிளந்திருக்கிறது. லோபீலியா நிக்கோசியானிஃபோலியா, காட்டுப்புகையிலை. புகையிலை கத்தரிக் குடும்பம், இது வேறு குடும்பம். செடி முழுக்க நஞ்சு. பால் பட்டிருந்தால் கையைக் கழுவு, கண்ணைத் தொடாதே என்று உடனே போன் செய்து சொன்னேன்.

ஜனவரி 28

மஞ்சள் பூ, ஐந்து இதழ், நடுவில் கொத்தாக மகரந்தத்தாள்கள், இலைகள் எதிரெதிரே. இலையை வெயிலுக்கு நேரே பிடித்துப் பார்க்கச் சொன்னேன். ஊசியால் குத்தியது போலப் புள்ளி புள்ளியாக வெளிச்சம் தெரிகிறதாம். சரி, ஹைபெரிக்கம். கொல்லையில் எலுமிச்சை இலையைத் தூக்கிப் பிடித்தாலும் இந்தப் புள்ளிகள் தெரியும். அதனால் இது ஒன்றை மட்டும் நம்பக்கூடாது, பூவும் கூட நிற்க வேண்டும்.

பிப்ரவரி 2

திருச்சி போயிருந்தேன். செயின்ட் ஜோசப் கல்லூரியில் 1967-ல் மேத்யூ பாதிரியார் தொடங்கிய ராபினாட் ஹெர்பேரியம், அதாவது செடிகளைக் காயவைத்துத் தாளில் ஒட்டிப் பாதுகாக்கும் இடம், இருக்கிறது. பழனி மலைத் தாவரங்களை ஏறி இறங்கிச் சேகரித்துப் பதிவு செய்தவர். டெல்டாவின் தலைமாட்டில் மலைச்செடிகள் காய்ந்த தாள்களாக அடுக்கியிருப்பதை நம் பிள்ளைகளுக்கு யாராவது காட்ட வேண்டும். தரங்கம்பாடிக்கு 1768-லேயே செடிகளுக்கு அறிவியல் பெயரிடும் முறையை வகுத்த லின்னேயஸின் மாணவர் கோனிக் வந்து செடி சேகரித்த மண் இது.

காய்ந்த தாளில் பூவின் நிறம் போய்விடும். மூலையில் ஒட்டிய சீட்டுதான் பேசும். எந்த இடம், எத்தனை மீட்டர், எந்த மாதம், பூ என்ன நிறம், யார் எடுத்தது. சீட்டு இல்லாத தாள் வெறும் சருகு.

பிப்ரவரி 6

புல்வெளியில் மஞ்சளாகப் பூத்துக் குலுங்கும் புதர். அகத்திப் பூவைப் பிரித்துப் பார்த்தவர்களுக்கு எளிது: மேலே கொடியிதழ், இரண்டு பக்கமும் சிறகு, அடியில் படகு. உடம்பு முழுக்க முள் இருப்பதால் கோர்ஸ். முள் இல்லாமல் பச்சைக் குச்சிகளாக நிற்பது ஸ்காட்ச் புரூம். இரண்டும் ஐரோப்பாவிலிருந்து கொண்டுவந்தவை. நீலகிரிப் புல்வெளியைத் தின்று பரவுகின்றன. மலையில் தானாக முளைத்ததெல்லாம் மலையின் செடி என்று எடுத்துக்கொள்ளக்கூடாது. "அழகா இருக்கே சித்தி" என்கிறாள். அந்த இடத்தில் முன்பு இருந்த புல்லையும் சிறு பூக்களையும் நினைத்தால் எனக்கு வயிறு எரிகிறது.

பிப்ரவரி 11

இன்று வந்த படத்தில் பூவே இல்லை. "நீலக்குறிஞ்சியா சித்தி?" எதிரெதிர் இலை, கணுவில் புடைத்த தண்டு. கனகாம்பரத்தின் குடும்பம் என்பது வரை தைரியமாகச் சொல்லலாம், குறிஞ்சி இனங்களில் ஒன்று என்றும் சொல்லலாம். அதற்கு மேல் சொல்ல மாட்டேன். குறிஞ்சியில் பல வகை இருக்கிறது, எல்லாம் பன்னிரண்டு வருடக் கணக்கில் பூப்பதில்லை. நீலக்குறிஞ்சி 2006-லும் 2018-லும் பூத்தது, அடுத்து 2030. இதன் குறிப்பில் 'குறிஞ்சி, இனம் தெரியவில்லை' என்று எழுதி, இடத்தையும் உயரத்தையும் குறித்துவைக்கச் சொல்லியிருக்கிறேன். பூத்ததும் படம் அனுப்புவாள், பூவோடு இலையின் பின்பக்கமும் சேர்த்து.