சொல்லாமல் இருந்திருந்தால்

“சொல்லாமல் இருந்திருந்தால் மாத்திரை தந்திருப்பீர்கள்தானே, ஐயா?” என்று அவர் கேட்டபோது நான் கோப்பில் எழுதிக்கொண்டிருந்தேன், நிமிர்ந்து பார்க்கவில்லை. ஹெராயின் பழக்கத்திலிருந்து விடுபடத் தரும் மாத்திரையான புப்ரெனார்ஃபினை ஐந்து மாதங்களாக எடுத்துவந்தவர், முந்தைய வாரம் இரண்டு முறை ஹெராயின் எடுத்ததைப் பரிசோதனை எதுவும் இல்லாமலே தாமாக முன்வந்து சொன்னார். அப்படிப்பட்டவருக்கு ஒரு வார மாத்திரையைக் கையில் கொடுத்தனுப்பக் கூடாது, தினமும் வந்து எங்கள் முன்னிலையில் நாக்கின் அடியில் வைத்துக் கரைக்க வேண்டும் என்பது எங்கள் சிகிச்சை மையத்தின் விதி. வேலையை விட்டுவிட்டு அவரால் தினமும் வர முடியாது என்பது எனக்குத் தெரியும். எழுதினேன். மூன்று நாட்கள் வந்தார், பிறகு வரவில்லை.

அந்த விதி நியாயமற்றது என்று இப்போதும் சொல்ல மாட்டேன். கொடுத்தனுப்பும் மாத்திரை வேறு கைகளுக்குப் போவதைப் பார்த்திருக்கிறேன். ஆனால் மருந்தை நிறுத்தியவரின் தாங்குதிறன் குறைந்துவிடும், முன்பு எடுத்த அதே அளவு ஹெராயினே மூச்சை நிறுத்திவிடக்கூடும் என்று புதியவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பவனும் நான்தான்.

கூட்டங்களில் போர்ச்சுகலைப் பற்றி அதிகம் பேசியவன் நான். அங்கே தடை நீங்கவில்லை. ஆனால் 2001 ஜூலை முதல், பத்து நாள் சொந்தப் பயன்பாட்டுக்கு மேற்படாத போதைப்பொருளை வைத்திருப்பவர் குற்றவியல் நீதிமன்றத்துக்குப் போகாமல் மூவர் குழு ஒன்றின் முன் அமர்கிறார். தண்டனை பயம் போனால் மனிதர் உண்மையைச் சொல்வார் என்பதே என் வாதம். அமெரிக்க மாநிலமான ஓரிகனை எடுத்துக்காட்டி மறுப்பவர்களும் உண்டு: 2021 பிப்ரவரியில் அங்கே சிறிதளவு போதைப்பொருள் வைத்திருப்பதற்கான தண்டனை 100 டாலர் அபராதமாகச் சுருங்கியது, சிகிச்சைக்கான நிதியோ தாமதமாகவே வந்தது, 2024 செப்டம்பரில் வைத்திருப்பது மீண்டும் குற்றமானது. சிகிச்சை தயாராக இல்லாததே அங்கு நேர்ந்த தவறு என்று பதில் சொல்வேன்.

எங்களிடம் சிகிச்சை தயாராக இருந்தது. அவரும் பயமின்றிச் சொன்னார். சொன்னதால்தான் மாத்திரையை இழந்தார் என்பதை எந்தச் சட்டத்தின் மீது சுமத்துவது என்று எனக்குத் தெரியவில்லை.

பல வாரங்கள் கழித்து அந்த விதியை முழுமையாகப் படித்துப் பார்த்தேன். மருத்துவர் ஒப்புக்கொண்டால் இரண்டு நாள் மாத்திரையைக் கையில் தரலாம் என்று அதிலேயே இருந்தது. அன்று மருத்துவர் அடுத்த அறையில்தான் இருந்தார்.