நுரையீரல் மீன் வளர்ப்பு: நாலாவது மாதம்

வந்த அன்று ஒரு சாண் இருந்தது, இப்போது ஒன்றரைச் சாண். புரோட்டோப்டெரஸ் அனெக்டன்ஸ் என்கிற ஆப்பிரிக்க வகை. பாளையங்கோட்டை வெயிலுக்கு ஹீட்டர் செலவு மிச்சம்.

முதல் நாள் செய்த மடத்தனத்தைச் சொல்லிவிடுகிறேன். வெளியே நழுவி வந்துவிடும் என்று கேள்விப்பட்டு, தொட்டியை விளிம்பு வரை நிரப்பி, கண்ணாடி மூடியைப் போட்டு, அதன்மேல் ஒரு செங்கலும் வைத்து, ஏர் பம்புதான் ஓடுகிறதே என்று தூங்கப் போய்விட்டேன். ராத்திரி ரெண்டு மணிக்கு டொக், டொக். மூக்கால் கண்ணாடியை முட்டிக்கொண்டிருக்கிறது! செவுள் பேருக்குத்தான், வளர்ந்த மீனுக்கு ஆக்சிஜனில் பெரும்பங்கு நுரையீரல் வழியாகத்தான் போகிறது, மேலே காற்று இல்லையென்றால் தண்ணீரிலேயே மூச்சுமுட்டிச் செத்துப்போகும். நாலு விரற்கடை தண்ணீரை இறைத்ததும் வாயை மேலே நீட்டி 'ளக்' என்று ஒரு இழுப்பு இழுத்தது பாருங்கள், எனக்கும் அப்போதுதான் மூச்சு வந்தது.

அதிலிருந்து எண்ண ஆரம்பித்தேன். சும்மா கிடக்கும்போது ஒரு மணி நேரத்தில் ஏழு தடவை மேலே வருகிறது, மண்புழு தின்ற பிறகு பதினொன்று. தின்பதே ஒரு கூத்து. மென்று, துப்பி, மறுபடி உறிஞ்சி, மறுபடி துப்பி, ஒரு புழுவுக்கு ஐந்து நிமிடம். நூல் மாதிரி இருக்கும் பின் துடுப்புகளை ராத்திரியில் தரையில் மாற்றி மாற்றி ஊன்றி நடக்கிறது. 2011-இல் இதை ஆராய்ந்து எழுதியிருக்கிறார்கள்; நான் டார்ச் அடித்துப் பார்க்கும்வரை நம்பவில்லை.

பக்கத்து வீட்டு அண்ணாச்சிக்கு ஒரே ஆசை, குளத்துக் களிமண்ணில் விட்டுக் காயவைத்துப் பார்க்க வேண்டுமாம். கோடையில் குளம் வற்றினால் சேற்றில் கால் வைத்துத் துழாவி விரால் பிடித்தவர், அவருக்கு இது புதுசில்லை. ஆனால் விராலுக்குச் செவுளுக்கு மேலே காற்று அறைதான், நுரையீரல் கிடையாது. இது சேற்றுக்குள் சுருண்டு, உடம்பிலிருந்து வரும் வழவழப்பையே உறையாகக் காயவிட்டு, வாய்ப்பக்கம் ஒரு துளையோடு மாதக்கணக்கில் கிடக்கும். அத்தனை நாளும் தன் சதையையே கரைத்துத்தான் உயிர் வாழும். நல்ல தண்ணீர் இருக்கும்போது எதற்கு அந்தப் பாடு? மாட்டேன் என்று சொல்லிவிட்டேன்.

ஆச்சி இன்னும் தொட்டிப் பக்கம் வருவதில்லை. "ஏலே, இது பாம்புல்லா, கொண்டு போய் விடு." கெண்டையைவிட இது நமக்குத்தான் நெருங்கிய சொந்தம் ஆச்சி என்றேன். "எந்த வழியில சொந்தம், ஒங்க அப்பன் வழியிலயா?"

அடுத்த மாதம் பெரிய தொட்டி வாங்க வேண்டும். செங்கல் அதே செங்கல்தான்.