அறுத்துக் கொடுத்த மாத்திரை அட்டை

அம்மாவுக்கு இரண்டு காலும் வீங்கி, அமுக்கினால் விரல் பட்ட குழி அப்படியே நின்றது. மதுரையில் எக்கோ என்கிற இதய ஸ்கேன், டெஸ்ட் எல்லாம் ஒரே நாளில் முடிந்தது. எழுதிக் கொடுத்தது ஃப்யூரோசமைடு 40 மில்லிகிராம், உடம்பில் தேங்கிய நீரைச் சிறுநீராக வெளியேற்றும் நீர் மாத்திரை, காலையில் ஒன்று. ‘வேற என்ன மாத்திரை போடுறாங்க?’ என்று டாக்டர் கேட்டார் பாருங்கள், அங்கேதான் கோட்டை விட்டேன்.

பிரஷர் மாத்திரையை உசிலம்பட்டியில் ஐந்து ஐந்தாக வாங்குவோம். கடைக்காரர் கத்தரியால் அறுத்துக் கொடுப்பார், பெயர் இருக்கிற பாதி அவரிடமே தங்கிவிடும். எங்கள் துண்டில் இருந்தது வெறும் விலையும் தேதியும். ‘டெல்மிசார்ட்டான் சார்’ என்றேன். அது டெல்மிசார்ட்டான் ‘ஹெச்’. அந்த ஹெச், ஹைட்ரோகுளோரோதயசைடு, அதுவும் நீர் மாத்திரைதான் என்று எனக்கு யார் சொன்னது?

வீக்கம் ஒரு வாரத்தில் வடிந்தது, சந்தோஷம். அப்புறம் ராத்திரியில் கெண்டைக்கால் இழுக்க ஆரம்பித்தது. ஒருநாள் அடுப்பில் பாலை வைத்துவிட்டு, ‘நான் எதுக்குய்யா இங்க நிக்கிறேன்?’ என்று என்னையே கேட்டார். வயசு என்று நினைத்தோம். சொந்தக்காரர்கள் பேச்சைக் கேட்டு உப்பைச் சுத்தமாக நிறுத்தி, செம்பு செம்பாகத் தண்ணீர் வேறு குடிக்க வைத்தோம்.

டெஸ்ட்டுக்கு ரத்தம் கொடுக்கப் போன அன்று மாத்திரையைப் போட்டுவிட்டே பஸ் ஏறியது அடுத்த தப்பு. ஒரு மணி நேரத்தில் வேலையைக் காட்டும், ஆறு மணி நேரம் விடாது. செக்கானூரணியில் கண்டக்டரிடம் கெஞ்சி வண்டியை நிறுத்தினோம், அம்மா வெட்கத்தில் ஆரப்பாளையம் வரை பேசவே இல்லை. பயண நாளில் ஊர் போய்ச் சேர்ந்தபின் போடலாமா என்று டாக்டரிடம் முதலிலேயே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

மறுநாள் ரிப்போர்ட் வாங்க நான் மட்டும் போனேன். பில் அம்மாவின் மஞ்சள்பையில், வீட்டில். போட்டோ அனுப்பச் சொல்லிக் காட்டினேன். ‘ஒரிஜினல் இல்லாம தர முடியாது சார்’ என்று கவுன்டரில் இருந்தவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. போக வர எண்பது கிலோமீட்டர் வீண். அடுத்த நாள் கையில் வாங்கிப் பார்த்தால் ரத்தத்தில் இருக்கிற உப்புச்சத்து, சோடியம், 121! 135க்குக் கீழே போகக்கூடாதாம். இதற்கு அவர்களே போன் போட்டுச் சொல்லியிருக்க வேண்டாமா?

மூன்று நாள் வார்டில் இருந்தோம், சோடியத்தை மெதுவாக ஏற்றினார்கள். இரண்டு நீர் மாத்திரையும், உப்பை நிறுத்தித் தண்ணீராகக் குடிக்க வைத்ததும் சேர்ந்துதான் அதை இறக்கியிருக்கிறது. ஹெச்சை நிறுத்தியாயிற்று. இரண்டு மாத்திரையையும் தெரிந்தே சேர்த்துக் கொடுப்பதும் உண்டாம், ஆனால் ரத்தத்தை அடிக்கடி பார்த்துக்கொண்டு. பக்கத்து வீட்டு அக்கா இளநீர் கொண்டுவந்தபோது அதையும் கேட்டேன். ஃப்யூரோசமைடு பொட்டாசியத்தை வெளியேற்றும், ஸ்பைரோனோலாக்டோன் என்கிற இன்னொரு நீர் மாத்திரை பிடித்து வைக்கும், அதைப் போடுகிறவர்களுக்கு இளநீர் வினையாகலாம் என்றார் டாக்டர்.

போன வாரம் அதே கடையில் கத்தரியை எடுத்தார். ‘முழு அட்டையா குடுங்கண்ணே’ என்றேன். ஒரு மாதிரி பார்த்தார், கொடுத்தார்.