விதை வலிக்கு மருந்துக்கடையில் மாத்திரை கேட்காதீர்கள்

நடுராத்திரியில் ஒரு பையனுக்குத் திடீரென்று விதையில் வலி எடுத்தால், விடியட்டும் பார்த்துக்கொள்ளலாம் என்று இருக்கவே கூடாது. கொடைக்கானல் மலையில் மருந்துக்கடை வைத்திருக்கிற எனக்கு, இந்த ஒன்றை வீடு வீடாகப் போய்ச் சொல்ல வேண்டும் போல இருக்கிறது. அது நடக்கிற காரியமில்லை என்பதால் இங்கே எழுதுகிறேன்.

கடைக்கு வருகிற ஆண்கள் இதை நேராகச் சொல்ல மாட்டார்கள். கூட்டம் குறையும் வரை ஓரமாக நிற்பார்கள், பெண்கள் யாராவது இருந்தால் இருமல் மருந்து கேட்பார்கள், அப்புறம் கல்லாவுக்குப் பக்கத்தில் குனிந்து "அண்ணே, கீழ கொஞ்சம் வலி, நல்ல பவர் மாத்திரையா நாலு குடுங்க" என்பார்கள். சிலர் மனைவியை அனுப்பிவிடுவார்கள், அந்தம்மாவும் வயிற்று வலி என்றுதான் சொல்லும். சூடு பிடித்திருக்கும் என்று தாங்களே முடிவு செய்து, தொப்புளில் விளக்கெண்ணெய் வைத்து, கழற்சிக்காய் அரைத்துப் பற்றுப் போட்டு, இரண்டு மூன்று நாள் கழித்து வருகிறவர்களும் உண்டு. எண்ணெய் வைப்பதில் கெடுதல் இல்லை, ஆனால் அதில் போகிற நேரம் திரும்பி வராது.

விதைக்கு ரத்தம் கொண்டுபோகிற நாளங்கள் எல்லாம் ஒரே கொடி மாதிரி மேலிருந்து இறங்குகின்றன. சிலருக்கு விதை உள்ளே சரியாக ஒட்டிக்கொள்ளாமல் தொங்கும், அது பிறவியிலேயே வருவது. அப்படிப்பட்டவர்களுக்கு ஏதோ ஒரு நேரத்தில், விளையாடும்போதோ, தூங்கும்போதோகூட, அந்தக் கொடி முறுக்கிக்கொள்ளும். ரத்த ஓட்டம் நின்றுவிடும். உயிர் போகிற வலி, குமட்டல், வாந்தி, ஒரு பக்கம் மட்டும் மேலே ஏறினாற்போல இருக்கும். பச்சைக் குழந்தைக்கும் வரும், நடுவயதிலும் வரும், ஆனால் அதிகம் மாட்டுவது 12-லிருந்து 18 வயதுப் பையன்கள்தான். குளிர்காலத்தில் இது கூடுதலாக வருவதாகச் சில ஆய்வுகளும் சொல்கின்றன, நம் ஊர் மார்கழிக் குளிரை நினைத்தால் எனக்கு அது லேசான விஷயமாகத் தெரியவில்லை.

வலி ஆரம்பித்து 6 மணி நேரத்துக்குள் முறுக்கை எடுத்துவிட்டால் 100-க்கு 90 பேருக்கு மேல் விதை தப்பித்துவிடும். 12 மணி நேரம் என்றால் ஏறத்தாழ பாதிப் பேருக்கு. ஒரு நாள் தாண்டிவிட்டால் பெரும்பாலும் எடுக்க வேண்டியதுதான். அதற்காக நேரம் கடந்துவிட்டது, இனி போய் என்ன என்று விட்டுவிடவும் கூடாது, சில நேரம் முறுக்கு அரைகுறையாக இருந்து தாக்குப் பிடித்திருக்கும்.

இப்போது நம் மலைக் கணக்கைப் போட்டுப் பாருங்கள். மன்னவனூரிலோ கூக்காலிலோ ராத்திரி இரண்டு மணிக்கு வலி வருகிறது. பையன் வெட்கப்பட்டு அரை மணி நேரம் சுருண்டு கிடக்கிறான். அம்மா எழுந்து கஷாயம் வைக்கிறார், ஜீப் வைத்திருக்கிறவரைத் தட்டி எழுப்ப வேண்டும், பனிமூட்டத்தில் கொடைக்கானல் வந்து சேர ஒரு மணி நேரத்துக்கு மேல். அங்கே அறுவை சிகிச்சைக்கு ஆள் இல்லாமல் கீழே போகச் சொன்னால், மலை இறங்கி வத்தலக்குண்டு தாண்டி மதுரை போக இன்னும் மூன்று மணி நேரம். தேனி, திண்டுக்கல் மருத்துவக் கல்லூரிகளும் கீழேதான். 6 மணி நேரம் என்பது சமவெளிக்காரனுக்கு இருக்கிற மாதிரி நமக்கு இல்லை, பாதி ரோட்டிலேயே போய்விடுகிறது.

போன குளிரில் மேல்மலையிலிருந்து ஒருவர் பிக்கப்பில் வந்து, கடை திறந்ததும் வயிற்று வலி மாத்திரை கேட்டார், பிளஸ் ஒன் படிக்கிற மகனுக்கு. பையன் முன்சீட்டில் முட்டி இரண்டையும் சேர்த்து வைத்து உட்கார்ந்திருந்தான், அந்தக் குளிரிலும் நெற்றியெல்லாம் வியர்வை. அம்மாவைக் கொஞ்சம் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டு, "தம்பி, வயிறா விதையா, எங்கிட்ட சொல்லு" என்றேன். தலையைக் குனிந்துகொண்டான். விடியற்காலை நாலு மணியிலிருந்தாம், இரண்டு தடவை வாந்தி எடுத்திருக்கிறான். மாத்திரை எதுவும் கொடுக்காமல் நேராக ஆஸ்பத்திரிக்கு அனுப்பினேன். அங்கே பார்த்த டாக்டர் மதுரைக்கு போன் போட்டுச் சொல்லிவிட்டு 108-ல் ஏற்றிவிட்டார். முறுக்கை அவிழ்த்ததும் விதை கறுத்துத்தான் இருந்ததாம், சுடுநீர்த் துணி சுற்றிக் காத்திருந்து பார்த்ததில் மெல்ல நிறம் திரும்பியிருக்கிறது. மறுபடி முறுக்காமல் தையல் போட்டுவிட்டார்கள், அடுத்த பக்கத்துக்கும் சேர்த்து. நல்லா இருக்கிற பக்கத்தை ஏன் தொட்டார்கள் என்று அவன் அப்பா பிறகு கேட்டார். ஒரு பக்கம் சரியாக ஒட்டாதவனுக்குப் பெரும்பாலும் இரண்டு பக்கமும் அப்படித்தான் இருக்கும், அதனால்தான்.

டாப்ளர் ஸ்கேன் எடுத்தால் ரத்த ஓட்டம் தெரியும். ஆனால் ஸ்கேனுக்காகக் காத்திருந்து நேரம் போவதென்றால், சந்தேகத்தின் பேரிலேயே திறந்து பார்ப்பதுதான் சரி. டாக்டர் அப்படிச் சொன்னால் தகராறு செய்யாதீர்கள்.

எல்லா வலியும் இதுவல்ல. ஒன்றிரண்டு நாளில் மெல்ல ஏறி, காய்ச்சலும் நீர்க்கடுப்பும் சேர்ந்து, விதைக்குப் பின்பக்கம் வீங்கினால் அது பெரும்பாலும் கிருமித் தொற்று. வாலிபர்களுக்கு உடலுறவு வழியாக வருவது அதிகம், வயதானவர்களுக்குச் சிறுநீர்ப் பாதையிலிருந்து. இதற்கு ஆன்டிபயாடிக் 10 முதல் 14 நாள் வரை எழுதுவார்கள். மூன்றாம் நாள் வலி குறைந்ததும் நிறுத்திவிடுகிறார்கள், என் கடையில் அட்டையைக் கத்தரித்து நாலு மாத்திரை மட்டும் கேட்கிறவர்களோடு தினமும் மல்லுக்கட்டுகிறேன். முழுசாகச் சாப்பிட வேண்டும். உடலுறவு வழியாக வந்தது என்றால் மனைவிக்கும் சேர்த்துச் சிகிச்சை, அதை மறைத்தால் திரும்பத் திரும்ப வரும். இறுக்கமான ஜட்டி போட்டு, துணியில் சுற்றிய ஐஸ் வைத்துப் படுத்தால் வலி தணியும். வீக்கம் முழுசாக வடிய சில வாரம்கூட ஆகும்.

பொன்னுக்கு வீங்கி வந்த வாலிபனுக்கு ஒரு வாரத்தில் விதை வீங்கலாம், அது வைரஸ், ஆன்டிபயாடிக் வேலை செய்யாது. முதுகில் ஆரம்பித்து விதைக்கு இறங்குகிற வலி சிறுநீரகக் கல்லாக இருக்கலாம். பூண்டு மூட்டை, கேரட் மூட்டை தூக்குகிறவர்களுக்கு அடிவயிற்றில் புடைத்து, படுத்தால் உள்ளே போனால் குடலிறக்கம். அது உள்ளே போகாமல் கல் மாதிரி நின்று வாந்தியும் வந்தால் அதுவும் அவசரம்தான். நாள் முழுக்க நின்றால் இடதுபக்கம் பாரமாக வலிப்பது பெரும்பாலும் நரம்புச் சுருட்டல், அதைப் பொறுமையாகக் காட்டிக்கொள்ளலாம்.

வலியே இல்லாத கட்டியைத்தான் நம் ஆட்கள் கண்டுகொள்வதில்லை. 15-லிருந்து 35 வயதுக்காரர்களுக்கு விதையில் கெட்டியாக ஏதாவது தட்டுப்பட்டால் புற்றுநோயா என்று பார்க்க வேண்டும். சீக்கிரம் வந்தால் பெரும்பாலும் முழுசாகக் குணமாகிற புற்றுநோய் இது. வெந்நீரில் குளித்ததும் மாதம் ஒரு தடவை தடவிப் பார்த்தால் போதும்.

ஒன்றை எடுத்துவிட்டால் கல்யாணம், குழந்தை என்னாவது என்று எல்லாரும் கேட்கிறார்கள். மற்றது நன்றாக இருந்தால் ஒன்றே போதும், தாடி மீசைக்கும் சரி, குழந்தைக்கும் சரி.

ராத்திரி கிளம்பும்போது பையனுக்குக் காபி, கஞ்சி, தண்ணீர் எதுவும் கொடுக்காதீர்கள், மயக்க ஊசி போட வேண்டியிருக்கும். வலி எத்தனை மணிக்கு ஆரம்பித்தது என்பதைக் குறித்துவையுங்கள், ஆஸ்பத்திரியில் முதல் வார்த்தையாக அதைச் சொல்லுங்கள். 108-க்குப் பேசும்போதும் வயிற்று வலி என்று சொல்லாமல் விதை வலி என்றே சொல்லுங்கள்.