பன்னிரண்டு வெள்ளிச் சம்பளமும் ஒரு தட்டு மீ கோரேங்கும்

1950களின் தொடக்கத்தில் கட்டாய ராணுவச் சேவைக்கு எடுக்கப்பட்டு சிங்கப்பூருக்குக் கப்பலேறி வந்த பிரிட்டிஷ் இளைஞனுக்கு அடிப்படைச் சம்பளம் வாரம் 28 ஷில்லிங். அன்றைக்கு மலாயா வெள்ளி (டாலர்) ஒன்றுக்கு 2 ஷில்லிங் 4 பென்ஸ் என்பது மாறாத விலை. கணக்குப் போட்டால் கைக்கு வந்தது 12 வெள்ளி. சிகரெட், சினிமா, பஸ் காசு எல்லாம் போக மிஞ்சும் சில்லறையில் வயிறு நிறைய வேண்டுமென்றால் முகாம் வாசலைத் தாண்டித் தள்ளுவண்டிக்குத்தான் போக வேண்டும். அவன் ஊரிலோ 1954 ஜூலை வரை இறைச்சிக்கு ரேஷன். செம்பவாங், சாங்கி, சிலேத்தார், தெங்கா என்று எந்த முகாமில் இருந்தாலும், பதினெட்டு வயதில் அந்த வண்டியோரம் தின்றதை எழுபது வயதிலும் மறக்காததற்கு இது போதுமான காரணம்.

வண்டிக்குப் பின்னால் நின்றவர்களில் பலரும் நம் ஆட்கள். ராமநாதபுரம், கடையநல்லூர், தென்காசிப் பக்கமிருந்து பிழைப்புத் தேடி வந்த தமிழ் முஸ்லிம்கள். கடையநல்லூர்ப் பெண்கள் தஞ்சோங் பகார் பக்கம் அம்மியில் மசாலா அரைத்து விற்றார்கள். வந்தவனும் புதியவன், சமைத்தவனும் புதியவன். அதனால் அந்தத் தட்டில் இருந்தது கடையநல்லூர்ச் சாப்பாடும் இல்லை, லண்டன் சாப்பாடும் இல்லை. சீனர்களின் மஞ்சள் மீயும் (நூடுல்ஸ்) தவ்ஹுவும் (சோயாக் கட்டி), நம் மிளகாய் விழுதும், வெள்ளைக்காரனின் தக்காளிச் சோஸும் ஒரே வாணலியில் விழுந்தன. மீ கோரேங்கை, அதாவது இந்த வறுத்த மீயை, இந்தியாவில் தேடினால் கிடைக்காது. அது இங்கே பிறந்தது.

முகாமுக்குள்ளேயே தேநீர்ப் பாத்திரத்தோடு வரும் சாய்வாலா தனி ரகம். அவரிடம் கடன் நோட்டு உண்டு, சம்பள நாளில் கணக்குத் தீர்ப்பார். அவர் விற்ற முட்டை ரொட்டிக்குப் பையன்கள் வைத்த பெயர் ‘எக் பாஞ்சோ’. கடித்ததும் மஞ்சள் கரு சட்டையில் வழியும். ஒரு கை ரொட்டியை மேலே தூக்க, மறு கை நெஞ்சைத் துடைக்கும் காட்சி பாஞ்சோ என்ற நரம்பு வாத்தியத்தை வாசிப்பதுபோல் இருக்குமாம்.

ரொட்டி ஜான் பின்னாளில் பேரெடுத்தது. வெள்ளைக்காரர் யாராக இருந்தாலும் ‘ஜான்’ என்று கூப்பிடுவது அங்காடிக்காரர் வழக்கம், பெயர் அப்படி ஒட்டியது என்பார்கள். ஒரு ஆளுக்கு ஒரு சாண் நீள ரொட்டி, இரண்டு முட்டை, பொடியாக நறுக்கிய அரை வெங்காயம், 60 கிராம் கொத்திய ஆட்டிறைச்சி. இறைச்சியைக் கறித்தூளும் மிளகும் போட்டு முன்பே ஈரம் வற்ற வதக்கி வைக்க வேண்டும். பச்சையாகக் கலந்தால், முட்டை வேகும் இரண்டு நிமிடத்தில் அது வேகாது. கலவையைத் தட்டையான கல்லில் ஊற்றி, பிளந்த ரொட்டியின் உள்பக்கத்தை அதன்மேல் கவிழ்த்து அழுத்த வேண்டும். நடுத்தரத் தீதான் சரி. தீ அதிகமானால் ரொட்டி முட்டையை உறிஞ்சுவதற்குள் அடி கருகி, திருப்பும்போது இரண்டும் தனித்தனியாகக் கழன்று வரும்.

மீ கோரேங்குக்கு நேர் எதிர்: தீ எவ்வளவு இருந்தாலும் போதாது. வீட்டில் செய்கிறவர்கள் பெரும்பாலும் தோற்பது இங்கேதான்.

முதலில் மிளகாய் விழுது. காய்ந்த மிளகாய் இருபதை வெந்நீரில் இருபது நிமிடம் ஊறவைத்து அரைத்து, நான்கு மேசைக்கரண்டி எண்ணெயில் சிறுதீயில் கால் மணி நேரம், எண்ணெய் பிரிந்து நிற்கும்வரை வதக்க வேண்டும். இதில் அவசரப்பட்டால் பச்சை நெடி கடைசிவரை போகாது. இது நாலைந்து தட்டுக்கு வரும்.

ஒரு தட்டுக்கு மஞ்சள் மீ 200 கிராம். அதில் சோடாக் காரம் சேர்ந்த மாவு வாடையும் ஒட்டாமலிருக்கத் தடவிய எண்ணெயும் இருக்கும். கொதிநீரில் பத்து விநாடி அலசி, உடனே வடித்து, அகலத் தட்டில் பரப்பி ஈரத்தை ஆறவிட வேண்டும். ஈர மீ வாணலியில் விழுந்தால் ஆவி கிளம்பும். ஆவி கிளம்பினால் அது வறுவல் இல்லை, அவியல்.

வாணலி புகைய ஆரம்பித்ததும் இரண்டு மேசைக்கரண்டி எண்ணெய், நறுக்கிய அரை வெங்காயம், இரண்டு பல் பூண்டு. பிறகு ஒன்றரை மேசைக்கரண்டி விழுது, வேகவைத்துத் துண்டாக்கிய சிறு உருளைக்கிழங்கு ஒன்று, பொரித்த தவ்ஹு ஒரு பிடி. உருளைக்கிழங்கு முந்தைய நாளே வெந்து ஆறியதாக இருந்தால் உடையாது. அடுத்து மீ. தக்காளிச் சோஸ் இரண்டு மேசைக்கரண்டியும் சோயா சோஸ் ஒரு தேக்கரண்டியும் மீ விழுந்த பிறகுதான். முன்னால் ஊற்றினால் சோஸிலுள்ள சர்க்கரை சூடான இரும்பில் கருகிக் கசக்கும்.

மீயை ஓரம் தள்ளி, நடுவில் ஒரு முட்டையை உடைத்து ஊற்றி, பதினைந்து விநாடி தொடாமல் விட வேண்டும். இந்த இடத்தில் கை சும்மா இருக்காது. ஆனால் முட்டை திரளுமுன் கிளறினால் மீ முழுவதும் பசைபோல் பூசிக்கொள்ளும். திரண்ட பிறகு புரட்டினால் மஞ்சளும் வெள்ளையுமாகத் துணுக்குகள் தனியே தெரியும். தவுகே (முளைப்பயறு) கடைசி அரை நிமிடத்துக்குத்தான், சீக்கிரம் போட்டால் தண்ணீர் விட்டுவிடும். மீயின் ஓரங்கள் அங்கங்கே கருஞ்சிவப்பாகப் பிடித்து, எண்ணெய் மினுங்கும்போது இறக்கி, லிமாவ் (சிறு எலுமிச்சை) பாதி பிழிந்து, பக்கத்தில் வெள்ளரித் துண்டு வைக்க வேண்டும்.

1971 அக்டோபருக்குள் பிரிட்டிஷ் படைகளில் பெரும்பகுதி வெளியேறிவிட்டது. அதே ஆண்டு தொடங்கி 1986 வரை தெருவோர வண்டிகள் அங்காடி நிலையங்களுக்குள் குடியேறின. கரியடுப்பு போய் எரிவாயு வந்தது. கைப்பக்குவம் போகவில்லை. இன்றும் தேர்ந்த கடைக்காரர் நான்கு தட்டுக்குச் சொன்னாலும் எல்லாவற்றையும் ஒரே வாணலியில் கொட்ட மாட்டார், குளிர்ந்த மீ 800 கிராம் விழுந்தால் எந்த அடுப்பும் தாங்காது என்று அவருக்குத் தெரியும். வீட்டிலும் ஒரு நேரத்தில் ஒரு தட்டுதான். இறக்கியதும் வாணலியைத் துடைத்து, மறுபடி புகை கிளம்பும்வரை காத்திருந்து, அதன்பிறகே அடுத்தவருக்கு எண்ணெய் ஊற்ற வேண்டும்.