விபூதி போட்டுத் தேய்த்த ராஜா

அப்பத்தா போன பிறகு டிரங்குப் பெட்டியைப் பிரித்தபோது ஒரு சுருக்குப்பைக்குள் இரண்டு வெள்ளி ரூபாய் இருந்தது. ஒன்று 1907, ஏழாம் எட்வர்ட். பின்னால் வந்த ஜார்ஜ் ராஜாக்கள் கிரீடத்தோடு இருக்க, இவர் வெறுந்தலை. எங்கள் வீட்டில் மொட்டைத்தலை ராஜா என்றுதான் பெயர். இன்னொன்று 1918, ஐந்தாம் ஜார்ஜ். எட்வர்ட் பளபளவென்று இருந்தார், ஜார்ஜ் அடுப்படிச் சுவர் மாதிரி கறுத்துக் கிடந்தார். சித்தப்பா யோசிக்கவே இல்லை. "கறுப்பு உனக்கு, நீதானே பழசு பழசுன்னு அலையிற" என்று சொல்லிவிட்டு எட்வர்டை எடுத்துக்கொண்டார்.

நானும் சரி என்றேன். ஆனால் அவர் ஊருக்குக் கிளம்புவதற்கு முன் ஒரு ராத்திரி இரண்டையும் வாங்கி, டேபிள் லைட்டுக்குக் கீழே வைத்து லென்ஸில் பார்த்தேன்.

காசின் கண்டிஷன் பார்ப்பது என்றால் முதலில் மேடு தட்டி நிற்கும் இடங்களைத்தான் பார்க்க வேண்டும், கைமாறிக் கைமாறித் தேய்வது அங்கேதான் தொடங்கும். ஜார்ஜ் ரூபாயில் அது கிரீடத்து முத்துக்கள், புருவம், மீசை, அப்புறம் மேலங்கியில் இருக்கிற அந்தக் குட்டி யானை. இந்த யானைக்கு ஒரு கதை உண்டு. 1911இல் முதலில் அடித்தபோது அது பார்க்கப் பன்றி மாதிரி இருக்கிறது என்று முஸ்லிம்கள் நடுவே பெரிய எதிர்ப்பு கிளம்பி, காசையே திரும்ப வாங்கி உருக்கிவிட்டு, 1912இல் தும்பிக்கை காலெல்லாம் தெளிவாகத் தெரிகிற மாதிரி புது அச்சு போட்டார்கள். என் காசில் யானையின் கால்கள் தனித்தனியாகத் தெரிகின்றன, முத்துக்களை எண்ணலாம். புருவம் மட்டும் மழுங்கிவிட்டது. சேகரிப்பவர்கள் காசின் தேய்மானத்துக்குத் தரம் பிரிக்கிற கணக்கில் 'வெரி ஃபைன்' என்று தைரியமாகச் சொல்வேன். அதற்கு மேல்படியான 'எக்ஸ்ட்ரா ஃபைன்' என்று சொல்ல ஆசைதான், புருவம் விடவில்லை.

எட்வர்டிலும் காதுக்கு மேலே இருக்கிற முடியும் தாடியும் மோசமில்லை, தேய்மானத்தை மட்டும் கணக்கில் எடுத்தால் ஜார்ஜுக்குக் கிட்டத்தட்ட சமம். ஆனால் காசைச் சாய்த்துப் பிடித்ததும் தெரிந்துவிட்டது. கன்னத்திலிருந்து விளிம்பு வரை முடிபோல மெல்லிய கீறல்கள், எல்லாம் வட்டம் வட்டமாக. வெள்ளிக்கிழமை தவறாமல் விபூதி போட்டுத் தேய்த்திருக்கிறார்கள், எத்தனை வருஷமோ.

பளபளப்பு வேறு, அச்சடித்தபோது வந்த மினுமினுப்பு வேறு. அச்சு இறங்கும்போது வெள்ளி வெளிப்பக்கமாக நகர்ந்து கண்ணுக்குத் தெரியாத வரிகளை விட்டுப்போகும், அந்த வரிகளில் வெளிச்சம் பட்டால் காசைத் திருப்பத் திருப்ப ஒரு ஒளிக்கீற்று ராட்டினம் மாதிரி சுற்றி வரும். ஜார்ஜில், அந்தக் கறுப்புக்கு அடியில், எழுத்துகளுக்கு இடையே அது இன்னும் கொஞ்சம் சுற்றுகிறது. எட்வர்டில் எவர்சில்வர் டம்ளர் மாதிரி ஒரே வெளிச்சம், நகராமல் நிற்கிறது. தேய்த்துப் போன வரி திரும்ப வராது. கறுப்பு என்பது காற்றில் இருக்கும் கந்தகம் வெள்ளியோடு சேர்ந்து வருவது, சேகரிப்பவர்கள் பெரும்பாலும் அதைக் குறையாக எடுத்துக்கொள்வதில்லை. காசுக்கு 1 முதல் 70 வரை மார்க் போட்டு டப்பாவில் அடைத்துத் தரும் கம்பெனிகள், இப்படித் தேய்த்துக் கழுவிய காசுக்கு மார்க்கே போடாமல் 'டீடெய்ல்ஸ்' என்று மட்டும் எழுதி அனுப்பிவிடுவார்கள்.

ஆன்லைனில் விற்பவர்கள் பாதிப் பேருக்கு எல்லாமே அன்சர்குலேட்டட், அதாவது கைமாறவே இல்லாத புதுக்காசு. நான் ஒருதடவை போட்டோ பார்த்து ஏமாந்திருக்கிறேன். கையில் வந்த பிறகு பார்த்தால் தலைக்கு நேர் மேலே விளிம்பில் அரை அரிசி அளவுக்கு ஒரு திட்டு, யாரோ சங்கிலியில் கோக்க வளையம் பற்றவைத்து, பிறகு அதை அரம் போட்டு எடுத்திருக்கிறார்கள். அன்றிலிருந்து விளிம்பைச் சுற்றிக் காட்டாத போட்டோவை நம்புவதில்லை. எடை பார்ப்பது நல்லதுதான், ரூபாய் என்றால் ஒரு தோலா, 11.66 கிராம். ஆனால் ஆறாம் ஜார்ஜின் 1940 முதல் 1945 வரையிலான ரூபாயும் அதே எடைதான், அதில் பாதிதான் வெள்ளி. அதற்கு முந்தியதில் பன்னிரண்டில் பதினொரு பங்கு. தராசு இதைச் சொல்லாது, வருஷத்தைப் படிக்க வேண்டும்.

ஜார்ஜை எடை போட்டேன், 11.58. ஓரத்தைப் பிடித்துத்தான் எடுக்கிறேன், கழுவவில்லை, துடைக்கக்கூட இல்லை.

சித்தப்பாவிடம் இதையெல்லாம் சொல்லவில்லை. போன மாதம் அவர் வீட்டுக்குப் போயிருந்தேன். வெள்ளிக்கிழமை. பூஜையறையில் எட்வர்ட் புதுசாகத் துலக்கின முகத்தோடு, நெற்றியில் குங்குமம் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.