காத்திருக்கும் வீடுகளுக்கு: மார்த்தாண்டத்திலிருந்து ஒரு மழைக்கால ஜெபக்குறிப்பு

ஜூன் 3

இடவப்பாதி, அதாவது தென்மேற்குப் பருவமழை, தொடங்கிவிட்டது. வெட்டு நனையாமல் காக்கும் ரெயின் கார்டு ஒட்டாத ரப்பர் மரங்களில் பால்வெட்டு நின்றுபோகும். வெட்டினால்தான் கூலி என்றிருக்கும் வீடுகளுக்கு இனி வானம் தெளியும்வரை வரவு இல்லை. பள்ளிக்கூடச் செலவும் இதே மாதத்தில்தான் வந்து நிற்கிறது. திருவனந்தபுரம் ஆர்.சி.சி. புற்றுநோய் மருத்துவமனையில் பயாப்சி முடிவுக்குக் காத்திருப்பவர்கள், வளைகுடா விசாவுக்குப் பாஸ்போர்ட்டைக் கொடுத்துவிட்டு இருப்பவர்கள் என்று எல்லா ஜெபக்கூட்டத்திலும் விண்ணப்பங்கள் கூடும் காலம் இது. கூட்டம் நடத்துகிறவர்களுக்கும் வீட்டில் தனியே முழங்கால்படியிடுகிறவர்களுக்கும் உதவும்படி இந்தக் குறிப்புகளை எழுதிவருகிறோம்.

"விசுவாசித்தால் நடக்கும்" என்று ஜெபத்தைத் தொடங்க வேண்டாம். சங்கீதம் 13-இல் தொடங்குங்கள். ஆறே வசனம். முதல் இரண்டும் முறையீடு. "எதுவரைக்கும்" என்று நான்கு முறை கேட்கிறார் தாவீது. 3, 4 விண்ணப்பம். 5, 6 நம்பிக்கை. சத்தமாக வாசியுங்கள். இரண்டாம் வசனம் முடிந்ததும் நிறுத்தி, உங்கள் காரியத்தை ஒரே வாக்கியத்தில், பெயரோடும் தேதியோடும் சொல்லுங்கள்: "கர்த்தாவே, நகையைத் திருப்ப வேண்டிய நாள் 28, கையில் ஒன்றுமில்லை." நான்காம் வசனத்துக்குப் பிறகு, வேண்டியதை ஒரே வாக்கியத்தில் கேளுங்கள். பிறகே ஐந்துக்குப் போங்கள்.

பெரும்பாலோர் நேரே ஐந்தாம் வசனத்துக்குத் தாவிவிடுகிறார்கள். கர்த்தரிடம் சொல்லாமல் விழுங்கிய முறையீடு அன்று சாயங்காலமே பிள்ளைகள்மேல் கோபமாக வந்து விழும். முறையிடுவது அவிசுவாசம் என்று நம் வீடுகளில் யார் சொல்லி வைத்தார்களோ! வேதத்தில் அதற்கு இடம் தாராளமாக இருக்கிறது.

ஜூன் 7

இன்றைக்கு மன்னா, வனாந்தரத்தில் இஸ்ரவேலருக்குக் கர்த்தர் தினமும் கொடுத்த ஆகாரம். யாத்திராகமம் 16. ஆளுக்கு ஒரு ஓமர் அளவு. மறுநாளுக்கென்று வைத்தது புழுத்து நாறியது. ஆறாம் நாளில் மட்டும், மறுநாள் ஓய்வுநாள் என்பதால், கட்டளையின்படி இரண்டு ஓமர் சேர்த்தார்கள், அது நாறவில்லை. இரண்டையும் சேர்த்தே வாசிக்க வேண்டும். சேர்த்து வைப்பதே தவறென்று இந்தப் பகுதியைக் காட்டிப் பேசுகிறவர்கள் ஆறாம் நாளை மறந்துவிடுகிறார்கள். எகிப்தில் யோசேப்பும் விளைச்சலில் ஐந்திலொரு பங்கை ஏழு வருஷம் களஞ்சியத்தில் சேர்க்கச் சொன்னவர்தான். கட்டளையின்படி சேர்ப்பது வேறு, நாளைக்குக் கர்த்தர் தரமாட்டார் என்ற பயத்தில் பதுக்குவது வேறு.

செய்முறை: ஒரு நோட்டில் தினமும் ஒரு பக்கம், மூன்று கட்டம். முதல் கட்டத்தில் இன்று என் கையால் முடிவது: வங்கிக்குப் போய் அடகுக்கு வட்டியை மட்டும் கட்டி மாற்றி வைக்க முடியுமா என்று விசாரிப்பது, பள்ளியில் கட்டணத்துக்குத் தவணை கேட்பது. இரண்டாவதில் இன்னொருவரிடம் கேட்க வேண்டியது. யாரிடம் என்று பெயரும் எழுத வேண்டும். மூன்றாவது கர்த்தர் கையில் மட்டும் இருப்பது: மழை, பரிசோதனை முடிவு, அதிகாரியின் மனசு. முதல் கட்டத்தில் மூன்று காரியத்துக்கு மேல் வேண்டாம். ராத்திரி ஜெபத்தில் மூன்றாம் கட்டத்தை மட்டும் வாசித்து ஒப்புக்கொடுங்கள்.

எங்கே கெட்டுப்போகும்? முதல் கட்டத்துக்கு உரியதை மூன்றில் எழுதும்போது. வட்டிக்காரருக்குப் போன் செய்யக் கூச்சப்பட்டு, "கர்த்தர் பார்த்துக்கொள்வார்" என்று எழுதினால், அங்கே கூச்சம்தான் பேசுகிறது. மூன்றாம் கட்டத்துக்கு உரியதை முதலில் எழுதினால் தூக்கம் போகும்.

ஜூன் 8

நேற்றைய குறிப்புக்கு ஒரு சேர்க்கை: மூன்றாம் கட்டத்தில் அதே வரி பல வாரம் வந்தாலும் அப்படியே எழுதுங்கள். சுருக்க வேண்டாம்.

ஜூன் 15

புத்தாண்டு ஆராதனையில் எடுத்த வாக்குத்தத்த அட்டை பல வீடுகளில் கதவுக்கு மேல் ஒட்டியிருக்கும். ஆறாம் மாதம் வரும்போது அதைப் பார்த்து மனம் சோர்கிறவர்கள் உண்டு. அதிகமாக அச்சாகும் வசனங்களில் ஒன்று எரேமியா 29:11. அதை 4 முதல் 14 வரை சேர்த்து வாசியுங்கள். பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப் போன யூதர்களுக்கு எரேமியா தீர்க்கதரிசி எழுதிய கடிதம் அது. பத்தாம் வசனத்தில் 70 வருஷம் என்று கணக்கு இருக்கிறது. கடிதத்தைக் கேட்டவர்களில் பலர் திரும்பிவந்திருக்க முடியாது. அவர்களுக்குச் சொல்லப்பட்டது ஐந்தாம் வசனத்தில்: வீடு கட்டு, தோட்டம் நாட்டு, அதன் கனியைச் சாப்பிடு. ஏழாம் வசனம் இன்னும் கடினம்: சிறைப்பிடித்துக்கொண்டுபோன அந்தப் பட்டணத்தின் சமாதானத்துக்காகவே ஜெபிக்கச் சொல்கிறது.

சீக்கிரம் திரும்பிவிடலாம் என்று சொன்ன தீர்க்கதரிசிகளும் அன்று இருந்தார்கள். அனனியா இரண்டே வருஷம் என்றான் (28-ஆம் அதிகாரம்). கேட்க இனிப்பாக இருந்தது, ஆனால் பொய். தேதி சொல்லி, அதற்குக் காணிக்கையும் கேட்டுப் போனில் தீர்க்கதரிசனம் சொல்கிறவர்களை இந்த அளவுகோலில் நிறுத்துங்கள். கண்ணை மூடி வேதத்தைத் திறந்து விரல் வைப்பதையும் விடுங்கள். கிளி எடுத்துத் தரும் சீட்டைப்போல வசனத்தைக் கையாண்டால், வந்த வசனம் பிடிக்காதபோது அடுத்த பக்கத்தைத் திருப்பத் தோன்றும்.

ஜூன் 21

நம்பிக்கையை எப்படிச் செய்து காட்டுவது என்று கேட்டால் எரேமியா 32-ஐத்தான் சொல்வோம். பாபிலோன் சேனை எருசலேமை முற்றுகையிட்டிருக்கிறது. எரேமியா காவல்சாலை முற்றத்தில் அடைபட்டிருக்கிறார். அப்போது ஆனதோத்திலுள்ள உறவுக்காரரின் நிலத்தை வாங்கும்படி வார்த்தை வருகிறது. 17 சேக்கல் வெள்ளியை நிறுத்துக் கொடுக்கிறார். பத்திரம் எழுதி முத்திரை போடுகிறார், சாட்சிகளை வைக்கிறார். முத்திரையிட்டது ஒன்று, திறந்தது ஒன்று. இரண்டையும் தன் எழுத்தர் பாருக்கிடம் கொடுத்து, நெடுநாள் இருக்கும்படி மண்பாண்டத்தில் வைக்கச் சொல்கிறார்.

பத்திரப் பதிவுக்கு அலைந்தவர்களுக்கு இந்த நுணுக்கம் நன்றாகப் புரியும். தராசு, சாட்சி, நகல் என்று ஒன்றையும் அவர் விடவில்லை. விசுவாசம் வந்ததும் காகிதவேலை தேவையில்லை என்று நினைக்கவுமில்லை.

எங்களுக்கு மிகவும் பிடித்தது அதற்குப் பிறகு வருவது. பணமெல்லாம் கொடுத்து முடித்த பின்புதான் 16-ஆம் வசனத்தில் ஜெபிக்கத் தொடங்குகிறார். அந்த ஜெபம் 25-ஆம் வசனத்தில் குழப்பத்திலேயே முடிகிறது: நகரம் கல்தேயர் (பாபிலோனியர்) கையில் போகிறது, நீரோ நிலத்தை வாங்கு என்கிறீரே! கீழ்ப்படிந்தாயிற்று, புரியவில்லை. இரண்டும் ஒரே ஆளுக்குள் ஒரே நாளில் இருக்கின்றன. ஆகையால், "மனதில் முழு நிச்சயம் வரட்டும், பிறகு விண்ணப்பம் போடுகிறேன்" என்று படிப்பையோ வேலையையோ தள்ளிவைக்கும் பிள்ளைகளுக்கு இந்த அதிகாரத்தை வாசித்துக் காட்டுங்கள்.

ஜூன் 29

மருந்தும் உபவாசமும். எசேக்கியா ராஜா மரணத்துக்கு ஏதுவான வியாதியில் அழுதார். 15 வருஷம் கூட்டித் தரப்பட்டது. வாக்கு வந்த பின்பும் ஏசாயா தீர்க்கதரிசி அத்திப்பழத்து அடையைப் பிளவையின்மேல் பற்றுப்போடச் சொன்னார் (2 இராஜாக்கள் 20:7). ஜெபம் கேட்கப்பட்ட வீட்டிலும் மருந்து இருந்தது. சிகிச்சையை நடுவில் நிறுத்துவதை விசுவாசத்தின் அடையாளமாகச் சாட்சி சொல்ல எவரையும் தூண்டாதீர்கள்.

இன்சுலினோ சர்க்கரை மாத்திரையோ எடுப்பவர்கள் டாக்டரிடம் கேட்காமல் உபவாசம் இருக்கக் கூடாது. மருந்தைப் போட்டுச் சாப்பிடாமல் இருந்தால் சர்க்கரை தாழ்ந்து மயக்கம் வரலாம். அவர்கள் சாப்பாட்டுக்குப் பதில் வேறொன்றை விடலாம். சாயங்காலப் போனை விடுவது நல்லது.

தூங்காமல் ஜெபித்தால்தான் கேட்பார் என்றும் இல்லை. சூரைச்செடியின் கீழ் சாகவேண்டுமென்று கேட்ட எலியாவுக்கு உபதேசம் முதலில் வரவில்லை. தழலில் சுட்ட அடையும் தண்ணீரும் வந்தன. சாப்பிட்டார், தூங்கினார், மறுபடியும் தட்டி எழுப்பிச் சாப்பிடச் சொன்னான் தேவதூதன். ஓரேப் மலையில் கர்த்தரின் மெல்லிய சத்தம் கேட்டது அதற்குப் பிறகு.

ஜூலை 6

மார்த்தாண்டத்துக்குப் பக்கத்து நட்டாலத்தில் 1712-இல் பிறந்த நீலகண்ட பிள்ளை, அதாவது தேவசகாயம், நம் மண்ணின் சாட்சி. ஆடுமாடும் சொத்தும் நஷ்டமான காலத்தில், குளச்சல் போருக்குப் பின் திருவிதாங்கூர்ப் படையில் சேர்ந்த டச்சுத் தளபதி டிலனாய் அவருக்கு யோபுவின் கதையைச் சொன்னதாக மரபு. 1745-இல் வடக்கன்குளத்தில் ஞானஸ்நானம். 1749-இல் பிடிபட்டார். ஏறக்குறைய மூன்று வருஷம் காவலில் அலைக்கழிக்கப்பட்டு, 1752 ஜனவரி 14-இல் ஆரல்வாய்மொழிப் பக்கம் காற்றாடிமலையில் சுடப்பட்டார். 2022 மே 15-இல் புனிதராக அறிவிக்கப்பட்டார்.

எந்தச் சபையாக இருந்தாலும் நாம் கவனிக்க வேண்டியது: அவர் கையில் கிடைத்தது யோபு புத்தகம். 38 முதல் 41 வரை கர்த்தர் பேசுகிறார், ஆனால் யோபு ஏன் துன்பப்பட்டான் என்ற காரணத்தை யோபுவிடம் கடைசிவரை சொல்லவில்லை. இழந்தது திரும்பக் கிடைக்கும் என்று மட்டும் அந்தக் கதையைச் சொல்லிக்கொடுத்தால் 42-ஆம் அதிகாரம் மட்டும்தான் மிஞ்சும்.

ஜூலை 13

பதில் வராத காத்திருப்பும் உண்டு. 2017 நவம்பர் 30-இல் ஒக்கிப் புயல் அடித்தபோது தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளைப் பக்கத்தில் ஆழ்கடலுக்குப் போன பலர் திரும்பவில்லை; பலருடைய உடலும் கிடைக்கவில்லை. அப்படிப்பட்ட வீட்டுக்கு 13-ஆம் சங்கீதமும் போதாது. 88-ஐ எடுங்கள். 18 வசனம். ஆறுதல் வரி இல்லாமலே முடிகிறது, சிநேகிதர் தூரமானதைச் சொல்லி நின்றுவிடுகிறது. ஆனால் முதல் வசனத்தில் "என் இரட்சிப்பின் தேவனாகிய கர்த்தாவே" என்று கூப்பிட்டவர், கடைசிவரை அவரிடமேதான் பேசுகிறார். வாசித்து முடித்தபின் சமாதானமாக ஒரு பாட்டைச் சேர்த்துத் தைக்க வேண்டாம். அப்படியே விடுங்கள்.

ஜூலை 19

போய்ப் பார்க்கிறவர்களுக்கு. யோபுவின் மூன்று நண்பர்களும் ஏழு நாள் பேசாமல் தரையில் உட்கார்ந்திருந்தார்கள், அதுவரை சரி. வாயைத் திறந்து காரணம் சொல்லத் தொடங்கியபோதுதான் தவறினார்கள். "எல்லாம் நன்மைக்குத்தான் மக்களே" என்று வாசலிலேயே சொல்லாதீர்கள். பாவம் ஏதாவது உண்டா என்று துருவாதீர்கள். இருபது நிமிஷத்துக்குமேல் இருக்க வேண்டாம். ஜெபம் இரண்டு நிமிஷம் போதும், அதில் அவர்கள் சொன்ன காரியத்தையே அவர்கள் வார்த்தையில் சொல்லுங்கள். அடுத்து எப்போது வருவீர்கள் என்று நாளைச் சொல்லிவிட்டு எழுந்திருங்கள். சொன்ன நாளில் போங்கள். ஆர்.சி.சி.க்குப் போகிற வீடென்றால், ஓ.பி. நாளன்று காலையில் பிள்ளைகளைப் பள்ளி பஸ்ஸில் ஏற்றுவதை யார் பார்ப்பது, ராத்திரிக்குக் கஞ்சியும் பயறும் யார் கொண்டுவருவது என்று முந்தின நாளே பெயர் எழுதி வையுங்கள். கூடப் போகிறவர் ஃபைலில் பழைய ஸ்கேன், மருந்துச் சீட்டு, ஆதார் நகல் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளட்டும். வரிசை நீளும், சங்கீதப் புத்தகத்தோடு ஒரு பாட்டில் தண்ணீரும் பையில் இருக்கட்டும்.